பின்சீட்

அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் எங்கள் வீட்டில் வாங்கிய ஒரே பெரிய பொருள் ஒரு பழைய போலீஸ் வண்டி. 2005 மாடல் டாடா சுமோ. அதுவும் எங்கள் வாசலில் முழுசாக இருபது நாள் நிற்கவில்லை. ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அது 2018 பிப்ரவரி. நான் எம்.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் ஒரு வருஷம் ஹாஸ்டலில் தங்கி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பாக்கலாம் பாப்பா, இப்ப கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷர், ஒருநாள் மத்தியானம் 71,000 ரூபாயும் அதற்கு மேல் வரியும் கட்டி, பேட்டரி செத்துப்போன ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அம்மா வெளியே வந்து பார்த்தாள். "ஊர்ல உள்ளவங்களுக்கு சுமோ, எம்புள்ளைக்கு டவுன் பஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அப்பாவோடு இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை.

அவர் போலீஸில் டிரைவர். ஏட்டாக 2015 மே மாதம் ரிட்டயர் ஆனார். டிரைவர் என்றால் போலீஸுக்குள்ளேயே ஒரு தனி ஜாதி மாதிரி. லத்தி பிடிப்பதில்லை, எஃப்.ஐ.ஆர். எழுதுவதில்லை, யாரையும் விசாரிப்பதில்லை. "நான் வண்டி மட்டும்தான் ஓட்டுறேன்" என்பது அப்பா வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். கல்யாண வீட்டில் யாராவது "உங்க டிபார்ட்மெண்ட்ல இப்படிப் பண்றாங்களே" என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு பந்தி பக்கம் நகர்ந்துவிடுவார். சின்ன வயதில் எனக்கு அது அடக்கமாகத் தெரிந்தது.

நம் தலைமுறைக்கு சுமோ என்றால் சினிமா. ரவுடிகள் அரிவாளோடு குதிக்கும் வண்டி; ஹீரோ அடித்தால் அந்தரத்தில் சுற்றி விழும் வண்டி. பெயருக்கும் ஜப்பான் மல்யுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. டாடா மோட்டார்ஸை வளர்த்தெடுத்த சுமந்த் மூல்காவ்கர் என்பவருடைய பெயரின் முன்னெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. 1994-ல் வந்து 2019-ல் நின்றுபோன வண்டி. நான் பார்த்த சுமோவில் ரவுடிகள் இல்லை. தலையில் சுழல்விளக்கும் பக்கவாட்டில் 'காவல்' என்ற எழுத்தும் இருந்தன. போலீஸ் லைனில் நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது அப்பா சாப்பிட வந்தால் தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிப்போவார். பின்பக்கக் கதவைத் திறந்து, எதிரெதிராக இருக்கும் அந்த இரண்டு பெஞ்ச் சீட்டில் ஏற ஆசையாக இருக்கும். "அங்க வேணாம், முன்னாடி வா" என்பார். முன்சீட்டில் உட்கார்ந்தால் பெரிய ஆபீசர் மாதிரி இருக்கும் என்பதால் நான் அதற்கு மேல் கேட்டதில்லை.

போலீஸ் வண்டியை ஒரு தொண்டு இல்லத்துக்குத் தானமாகக் கொடுப்பது கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. நடைமுறையில் அப்படி இல்லை. இல்லத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் விழுந்து கிடப்பவர்களைத் தூக்கி வந்து குளிப்பாட்டி வைத்திருப்பவர். அப்போது 34 பேர் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிக்க முடியவில்லை. சில ஆட்டோக்காரர்கள் புண்ணும் நாற்றமுமாக இருப்பவர்களை ஏற்றவும் மாட்டார்கள். 108 உயிருக்கு ஆபத்து என்றால் வரும். மாதா மாதம் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிற மனநோயாளிக்கு அது வராது, வரவும் கூடாது. டீச்சர் திங்கட்கிழமை மனுநாளில் போய், "கண்டம் பண்ணி நிறுத்தி வச்சிருக்கிற வண்டி ஒண்ணு குடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். கழிவு செய்த வாகனங்கள் பொது ஏலத்தில்தான் போகும், விருப்பம் இருந்தால் கலந்துகொள்ளலாம் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் தப்பு இல்லை என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். அரசு வண்டி என்றால் பொதுப்பணம். விற்ற காசு கருவூலத்துக்குப் போக வேண்டும். ஓர் அதிகாரி தனக்குப் பிடித்த அமைப்புக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தால், நல்ல டீச்சருக்கு ஒரு வண்டி போகும். மச்சானுடைய டிரஸ்டுக்கு ஒன்பது போகும். அதனால், போலீஸ் வண்டி தொண்டுக்குப் போக வேண்டும் என்றால் நடுவில் ஒரு மனிதர் தன் காசைப் போட்டு ஏலத்தில் எடுத்து, பிறகு கொடுக்க வேண்டும். அந்த நடு மனிதராக அப்பா ஆனார்.

ஏலத்தை நான் பார்க்கவில்லை. அவர் சொல்லிக் கேட்டதுதான். ஆயுதப்படை மைதானத்தில் வேப்பமரத்தடியில் வண்டிகள் வரிசையாக நிற்கும். காலையிலேயே முன்பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய இரும்பு வியாபாரிகள், பார்ட்ஸ் கடைக்காரர்கள். வண்டியைப் பார்க்க மாட்டார்கள், எடையைப் பார்ப்பார்கள். சுழல்விளக்கு, சைரன், வயர்லெஸ் எல்லாவற்றையும் முன்பே கழற்றியிருப்பார்கள். எழுத்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தாலும், வெயில் படாத அந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் 'காவல்' என்று அப்படியே படிக்கலாம். தான் ஓட்டிய வண்டி இரண்டு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றதை அப்பா ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் பார்த்திருக்கிறார். "ஏட்டையா, உங்களுக்கு எதுக்கு இது?" என்று வியாபாரிகள் கேட்டார்களாம். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஏலம் கேட்கிறாரே என்று இரண்டு பேர் விட்டுக் கொடுத்தார்களாம். "அதுகூட ஒரு மாதிரி சலுகைதான்" என்று பிறகு அவரே சொன்னார்.

அடுத்த இருபது நாளும் வாசலில் வேலை நடந்தது. பேட்டரி, டயர், கிளட்ச், வெள்ளை பெயிண்ட். பின்பக்கம் ஒரு பெஞ்சைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் வைக்க இடம் செய்தார்கள். இன்னொரு பெஞ்ச் கூட வருபவர்களுக்கு. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்து பெயர் மாற்றினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பூசணிக்காய் உடைத்து, அப்பாவுக்கு ஒரு சால்வை போட்டார். அந்த போட்டோவில் அப்பா சிரிக்கவே இல்லை. சால்வையை வீட்டுக்குக்கூடக் கொண்டுவராமல் அங்கேயே ஒரு பாட்டிக்குப் போர்த்திவிட்டு வந்தார்.

கொடுத்ததோடு முடியவில்லை. தானம் வாங்கியவர்களுக்கு அது மாதச் செலவாகத்தான் போய்ச் சேர்ந்தது. லிட்டருக்குப் பத்து, பதினோரு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி. மதுரை போய்வர 150 கிலோமீட்டர். டீசல் அன்றைக்கு 70 ரூபாயை நெருங்கிக்கொண்டிருந்தது. 2025-ல் 92-ஐத் தாண்டி நின்றது. இன்ஷூரன்ஸ் தனி, ரிப்பேர் தனி. நன்கொடையாளர்கள் அரிசி கொடுப்பார்கள், வேட்டி சேலை கொடுப்பார்கள், பிறந்தநாளுக்கு பிரியாணி போடுவார்கள். கிளட்ச் பிளேட் வாங்கித் தருகிறேன் என்று எவரும் வருவதில்லை. அதனால் அப்பாவே சம்பளம் இல்லாத டிரைவர் ஆனார். பென்ஷனில் இருந்து டீசலுக்கும் போட்டார். நான் உள்ளூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, ராத்திரியில் படித்தேன். அந்தக் கோபம் ஆறவில்லை. இவருக்கு நல்ல பெயர் வாங்க என் வருஷம் செலவாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லத்தில் ஒரு தாத்தா இருந்தார். பெயர் வேண்டாம். எழுபதுக்கு மேல் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் பழைய பேப்பர் பொறுக்கிக்கொண்டு இருந்தவர். 2019-ல் அவருக்கு நல்ல காய்ச்சல். டீச்சர் போன் பண்ண, அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். அன்று எனக்கும் லீவு, கூடப் போயிருந்தேன். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் தாத்தா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சுமோ வேணாம்யா."

"தாத்தா, இது நம்ம வண்டிதான். ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சுமோ வேணாம். நான் ஒண்ணும் பண்ணல."

வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தது. எழுத்து இல்லை, விளக்கு இல்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்தது. அல்லது இந்த வண்டி என்று இல்லை. எல்லா சுமோவுமே அவருக்கு ஒன்றுதானோ என்னவோ. ராத்திரியில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்களைச் சந்தேகக் கேஸில் தூக்குவது எவ்வளவு சாதாரணம் என்று போலீஸ் லைனில் வளர்ந்த எனக்கே தெரியும். டீச்சர் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே இறங்கவும் இல்லை, வண்டியை எடுக்கவும் இல்லை.

2020 ஜூன் கடைசி. ஊரடங்கு. சாத்தான்குளத்தில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்துபோன செய்தி டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா ரிமோட்டை எடுத்து ஆஃப் பண்ணினார். நான் திரும்ப ஆன் பண்ணினேன். "உங்க ஆளுங்க பண்ணதுதான, பாருங்க" என்றேன். வழக்கமான வாக்கியம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார். ரொம்ப நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

2007 வாக்கில் நடந்தது. ஒரு திருட்டுப் புகார். பக்கத்துக் கிராமத்தில் இருந்து இருபது வயசுப் பையன் ஒருவனை ஏற்றினார்கள். ஸ்டேஷனுக்கு 14 கிலோமீட்டர். பின்பக்கம் பையனும் கூட இரண்டு பேரும். ஊர் எல்லை தாண்டியதும் ஆரம்பித்தது.

"சத்தம் கேட்டுச்சு. கண்ணாடில பாத்தேன். அப்புறம் கண்ணாடிய மேல திருப்பி வச்சுட்டேன்."

நான் எதுவும் சொல்லவில்லை.

"அந்தப் பையன் என்னையத்தான் கூப்பிட்டான். அண்ணே, டிரைவரண்ணே, வண்டிய நிப்பாட்டுங்கண்ணேன்னு. அடிக்கிறவங்கள கூப்பிடல. என்னையக் கூப்பிட்டான்."

"நிப்பாட்டினீங்களா?"

"இல்ல."

இரண்டு நாளில் பையனை விட்டுவிட்டார்கள். கேஸே போடவில்லை, திருடியது வேறு யாரோ. சில மாதம் கழித்து ஒரு டீக்கடையில் அப்பா அவனைப் பார்த்திருக்கிறார். இவரைக் கண்டதும் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தானாம்.

"நான் கை வைக்கல பாப்பா. இத்தன வருஷமா அதத்தான் எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அன்றைக்கு நான் கொஞ்சம் இரக்கமாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. "அதுக்குத்தான் வண்டிய வாங்கிக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அந்தப் பையனுக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை இன்றும் நான் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தானத்தில் ஒரு வசதி இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று கொடுப்பவர் முடிவு பண்ணலாம். கடனில் அது முடியாது. யாரிடம் பட்டோமோ அவருக்குத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா பட்டது கடன். கொடுத்தது தானம். 34 பேருக்கு அது நிஜமாகவே உதவியது. மூன்று பேரையாவது அந்த வண்டி சாவில் இருந்து இழுத்து வந்தது என்று டீச்சர் சொல்வார். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் எவ்வளவு வரவு வைத்தாலும் இந்தக் கணக்கில் ஒரு பைசா கழியாது. இரண்டும் வேறு வேறு நோட்டு.

அந்த வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாடு முழுக்க எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. எங்கெங்கே வைக்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது: வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "வண்டி இல்லியே" என்றார். வண்டிக்குள் நடப்பதைப் பார்க்க டிரைவருடைய கண்ணாடி மட்டும்தான்.

2021-ல், ஊரடங்கு தளர்ந்த பிறகு, அப்பா அந்தக் கிராமத்துக்குப் போனார். எங்களிடம் சொல்லாமல், பஸ்ஸில். பையன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறதாம். வீட்டில் அவன் அம்மா மட்டும் இருந்திருக்கிறார். "யாருங்கய்யா?" என்று கேட்டதற்கு இவரால் சொல்ல முடியவில்லை. குடிக்கத் தண்ணி கேட்டு, வாங்கிக் குடித்துவிட்டு, திரும்பி வந்துவிட்டார். இதையும் அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு தூரம் போனவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் அந்த அம்மா என்ன செய்திருக்க முடியும் என்றும் யோசித்தேன். மகன் மறக்க நினைப்பதைக் கிளறியிருக்கலாம். சரியான விடை எனக்குத் தெரியவில்லை.

தாத்தா 2022-ல் இறந்தார், அரசு ஆஸ்பத்திரியில். இல்லத்தில் இறப்பவர்களை அந்த சுமோவில்தான் மயானத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். டீச்சர் அப்பாவுக்குப் போன் பண்ணினார். அப்பா வெறும் கையோடு போனார்.

"வண்டி எங்க ஏட்டையா?"

"அவரு வேணாம்னு சொல்லியிருக்காரு டீச்சர்."

"ஐயோ, இப்ப என்ன தெரியப்போகுது அவருக்கு?"

"சொல்லியிருக்காருல்ல."

155377-க்குப் போன் போட்டு இலவச அமரர் ஊர்தி வரும் வரைக்கும் மார்ச்சுவரி வாசலில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்கள். டீச்சர் இதை என்னிடம் ஒரு குறையாகத்தான் சொன்னார். உங்க அப்பாவுக்கு வயசாகுது, பிடிவாதம் ஜாஸ்தியாகுது என்று. நான் வீட்டுக்கு வந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, அப்பாவுக்கு நானே காபி போட்டுக் கொடுத்தேன்.

2025-ல் சுமோவுக்கு இருபது வயசு. தனியார் பெயரில் இருப்பதால்தான் இத்தனை நாள் ஓட முடிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பது இல்லை. பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். கவச வண்டி மாதிரியான சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. புகை கக்கும் வண்டி ரோட்டை விட்டுப் போவது நல்லதுதான். ஆனால் பழைய போலீஸ் வண்டிகள் இப்படி ஏதாவது ஒரு தென்னந்தோப்புக்குப் போய்ச் சேர்வதும் குறைந்துவிடும். எங்கள் வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இருபது வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் மட்டும் அப்போது 10,000 ரூபாய், எஃப்.சி.க்குத் தயார் பண்ண அதைப்போல நாலு மடங்கு ஆகும் என்றார் மெக்கானிக். டீச்சர் கணக்குப் பார்த்தார். அந்தக் காசுக்கு ஆறு மாதம் ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். உடைக்கக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

கொண்டுபோய் விடுகிற அன்று நானும் வருகிறேன் என்றேன். பழக்கத்தில் அப்பா முன்கதவைத் திறந்துவிட்டார். நான் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து, மிச்சமிருந்த அந்த ஒற்றை பெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பது வயசில் முதல்முறை. தலையைக் குனிந்துதான் உட்கார வேண்டியிருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்வதால் ரோடு தெரியாது. வண்டி எங்கே போகிறது என்று தெரியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகு இரும்பில் இடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் டிரைவருடைய பிடரி தெரிகிறது, அதற்கு மேல் கண்ணாடி. கண்ணாடியில் அப்பாவின் கண்கள். ரோட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். கூப்பிட்டால் கேட்காத தூரம் இல்லை. கை நீட்டினால் அவர் தோளைத் தொட்டுவிடலாம்.

"என்ன பாப்பா, நிப்பாட்டணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்பா. போங்க" என்றேன்.